அம்பாசிடரும் மாருதியும்: எங்கள் வீட்டின் இரண்டு வாகனங்கள்



நம் நாட்டின் புகழ்பெற்ற இரண்டு கார்கள் 2014ஆம் ஆண்டில் அடுத்தடுத்து விடைபெற்றன. அவ்வாண்டு ஜனவரி மாதத்தில் மாருதி 800இன் உற்பத்தி நின்றது. மே மாதத்தில் மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவிலிருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் வேலை நிறுத்திவைக்கப்பட, அம்பாசிடரும் நின்றுபோனது. ஒன்று 1950களின் பிற்பகுதியில் வந்தது. மற்றொன்று 1983இல் வந்தது. இரண்டு தலைமுறைகளின் வாகனங்கள் ஒரே ஆண்டில் முடிவுக்கு வந்தன.

புதுச்சேரியில் எங்கள் வீட்டு வண்டிக்கொட்டகையில் இவ்விரண்டும் அருகருகே நின்றன. வாப்பா அவர்கள் வஃபாத்தானபின், விட்டுச் சென்ற சொத்துகளைப் பட்டியலிட நாங்கள் அமர்ந்தபோது, இந்த இரண்டு வாகனங்களும் ஒரு கேள்வியாக எழுந்து நின்றன. எது யாருக்கு உரியது? எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது? பணமதிப்பில் பார்த்தால் மிகச் சிறிய கேள்விதான். ஆயினும் அதற்கு விடை தேடியபோது, எங்கள் குடும்பம் எவ்வாறு வாழ்ந்தது என்பதையே திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. பாகப்பிரிவினை எல்லாக் குடும்பங்களுக்கும் வரக்கூடியது என்பதால் அதனை இங்கே எழுதுகிறேன்.

பழைய வாகனம்

அம்பாசிடரின் பூர்வீகம் இங்கிலாந்து. அங்கே மோரிஸ் நிறுவனம் தயாரித்த ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் வடிவத்தையே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கி, சிறு மாற்றங்களுடன் அம்பாசிடர் என்று பெயரிட்டது. 1942இல் பிர்லா குடும்பத்தாரால் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் முதலில் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் இயங்கிப் பின்னர் உத்தரபாராவுக்கு இடம் மாறியது. இங்கிலாந்தில் சில ஆண்டுகளிலேயே வழக்கொழிந்த வடிவம், நம் நாட்டில் அரை நூற்றாண்டைக் கடந்து ஓடியது.

இந்தக் கார் சந்தைக்கு வந்த நாட்களில் புதுச்சேரி சட்டப்படி இன்னும் இந்தியாவின் பகுதியாகவில்லை. 1954 நவம்பர் 1ஆம் நாள் நிர்வாகம் இந்திய அரசின் கைக்கு வந்துவிட்டபோதும், பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்குப் பிறகு 1962 ஆகஸ்ட் 16ஆம் நாள்தான் சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. 'தூதர்' என்னும் பொருள்கொண்ட பெயருடைய ஒரு கார், இரண்டு நாடுகளுக்கு இடையே நின்றுகொண்டிருந்த ஊருக்குள் வந்து சேர்ந்தது. 2017இல் அந்த அம்பாசிடர் என்ற பெயரையே பிரான்ஸின் பெஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது என்ற செய்தியை வாப்பாவிடம் வாசித்துக் காட்டியபோது, "நம்ம ஊரை விட்டுப் போனவங்க நம்ம வண்டிப் பேரை வாங்கிட்டுப் போறாங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

எங்கள் வண்டி 1974ஆம் ஆண்டின் மார்க் 2 வகை. சதுரக் கட்டங்களாய் அமைந்த முன்கிரில், 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், ஸ்டீயரிங் தண்டின் ஓரத்தில் கியர், முன்புறம் ஒரே நீண்ட இருக்கை. 1981இல் வாப்பா அதை இரண்டாம் கையாக வாங்கினார்கள். புதுக் கார் வேண்டுமானால் அக்காலத்தில் பதிவுசெய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயின் பிரிமியர், சென்னையின் ஸ்டாண்டர்டு போன்ற ஒருசில நிறுவனங்களே கார் தயாரித்தன. எத்தனை கார்கள் தயாரிக்கலாம் என்பதையும் அரசின் உரிமமே தீர்மானித்தது. ஆகவே பழைய வண்டிக்கும் நல்ல விலை இருந்தது. ஜவுளிக்கடையின் இரண்டு ரமலான் பருவ வருமானம் அந்த வண்டிக்குப் போயிற்று என்று உம்மா சொல்வதுண்டு.

தெருவுக்கு ஒரு வண்டி

முல்லா வீதியை ஒட்டிய எங்கள் சிறு தெருவில் அப்போது வேறு கார் இல்லை. எனவே அது வாப்பாவின் பெயரில் பதிவான தெருவின் வண்டியாக இருந்தது. நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்களை ஏற்றிக்கொண்டு அது மருத்துவமனைக்குப் போயிருக்கிறது. ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட பெரியவர்களைச் சென்னை விமான நிலையத்தில் இறக்கிவிட்டு வந்திருக்கிறது. ஜனாஸாவின்போது சந்தூக்கைத் தோளில் சுமந்து நடப்பவர்களின் பின்னே, நடக்க இயலாத முதியவர்களை ஏற்றிக்கொண்டு மையவாடி வரை மெல்ல ஊர்ந்திருக்கிறது. காரைக்காலில் உறவினர் வீட்டுத் திருமணம் என்றால், ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவைப் பெரியவர்களும் பிள்ளைகளுமாகப் பத்துப்பேர் அதில் கடந்திருக்கிறோம். முன்னிருக்கையில் மூவர், பின்னிருக்கையில் நால்வர், எஞ்சிய பிள்ளைகள் மடிகளில்.

அதன் அமைப்பே இதற்கு இடம் கொடுத்தது. முன்னே டார்ஷன் பார், பின்னே பட்டை வில்கள், 15 அங்குலச் சக்கரங்கள், தரையிலிருந்து நல்ல உயரம். மழைக்காலத்தில் வீதிகளில் நீர் தேங்கி நின்றாலும் அது கடந்துவிடும். பழுதானால் சரிசெய்ய முத்தியால்பேட்டை மெக்கானிக் அண்ணனுக்கு நான்கு ஸ்பேனர்களும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் போதும். அண்ணன் கார்புரேட்டரைக் கழற்றி வாயால் ஊதிவிட்டு மாட்டும் காட்சி எங்கள் பிள்ளைப் பருவத்தின் வேடிக்கைகளுள் ஒன்று.

குறைகளும் இருந்தன. கோடையில் ரேடியேட்டர் கொதிக்கும். திண்டிவனம் போய்ச் சேர்வதற்குள் ஒருமுறையேனும் நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டும். லிட்டருக்கு எட்டு முதல் பத்துக் கிலோமீட்டர் கிடைத்தால் பெரிது. மழைநாளின் காலையில் சோக்கை இழுத்துவிட்டுப் பலமுறை முயன்றாலே இன்ஜின் உயிர்பெறும். ஸ்டீயரிங்கைத் திருப்பத் தோள்வலு வேண்டும். கிளட்சை மிதிக்கக் கால்வலு வேண்டும்.

இந்தக் கடைசிக் குறையை நாங்கள் அந்நாட்களில் குறையாகவே எண்ணவில்லை. ஏனெனில் வண்டியோட்டியவர்கள் எல்லோரும் ஆண்கள்.

புதிய வாகனம்

1983 டிசம்பர் 14ஆம் நாள், பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி 800இன் சாவியை அதன் உரிமையாளரிடம் வழங்கினார். ஜப்பானின் சுசுகி நிறுவனத்துடன் இணைந்து, அரசு நிறுவனமான மாருதி உத்யோக் குர்காவ்னில் அதைத் தயாரித்தது. அன்றைய தொழிற்சாலை விலை 47,500 ரூபாய். மூன்று சிலிண்டர்கள் கொண்ட 796 சிசி இன்ஜின், முன்சக்கரங்களுக்கே விசை, 12 அங்குலச் சக்கரங்கள். அம்பாசிடரின் நீளம் நான்கு மீட்டரைத் தாண்டும். இதுவோ மூன்றேகால் மீட்டரைச் சற்றே மிஞ்சும். எடையில் ஏறத்தாழப் பாதி. செலவிடும் பெட்ரோலிலும் அப்படித்தான்.

எங்கள் வீட்டுக்கு அது 1996இல் வந்தது, வெள்ளை நிறம். உறவினர்கள் வந்து பார்த்துவிட்டு, "இது காரா, சோப்புப் பெட்டியா?" என்று கேலி பேசினார்கள். கதவைச் சாத்தினால் தகரம் தட்டிய ஓசை கேட்கும். டிக்கியில் இரண்டு பைகளுக்குமேல் வையாது. நான்கு பேர் அமர்ந்தால் ஐந்தாமவருக்கு மனமிருந்தால்தான் இடமுண்டு. அம்பாசிடரில் பயணம் செய்து பழகியவர்களுக்கு மாருதியில் ஏறுவது, கூட்டுக் குடும்பத்திலிருந்து தனிக்குடித்தனம் போவது போன்றது.

அந்த ஒப்பீட்டில் உண்மையும் இருந்தது. மாருதி வந்தபின் நாங்கள் அண்டைவீட்டாரை ஏற்றிச்செல்வது குறைந்தது. அண்டைவீட்டாரும் தங்களுக்கென ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டார்கள். ஒரு திருமணத்துக்கு ஒரே வண்டியில் போன தெரு, ஐந்து வண்டிகளில் போகத் தொடங்கியது. வழியில் பேசிக்கொண்டு போகும் பேச்சு அற்றுப்போயிற்று. பழைய காலத்தை நினைந்து பெருமூச்செறிவோர் இதைத்தான் சொல்வார்கள். அம்பாசிடர் காலத்தில் உறவு இருந்தது, பரகத் இருந்தது, மாருதி வந்து எல்லாவற்றையும் சுருக்கிவிட்டது என்பார்கள். நானும் அவ்வாறு பேசக் கேட்டு வளர்ந்தவள்தான். ஆனால் அந்தப் பெருமூச்சில் ஒருவர் விடுபட்டுப் போகிறார் என்பது என் எண்ணம். அவர் என் உம்மா.

ஓட்டுநர் இருக்கையில் உம்மா

உம்மாவின் வாப்பா காரைக்கால் பக்கத்தில் சிறிது நிலம் வைத்திருந்தார்கள். அவர்கள் மறைந்தபின் மார்க்கச் சட்டப்படி உம்மாவுக்குரிய பங்கு வந்தது, அது விற்கப்பட்டது. அந்தத் தொகையில் நகை வாங்கலாம் என்று எல்லோரும் சொன்னபோது, உம்மா கார் வேண்டும் என்றார்கள். அப்போது உம்மாவுக்கு வயது 43. வாப்பா ஒரு நிமிடம் பேசாதிருந்துவிட்டு, "ஓட்டிப் பழகுறதா இருந்தா வாங்குவோம்" என்றார்கள்.

லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானத்தில், ஃபஜ்ருக்குப் பின் ஆள்நடமாட்டம் பெருகுவதற்கு முன்னர், வாப்பா அருகில் அமர்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். முதல் வாரம் வண்டி துள்ளித்துள்ளி நின்றது. இரண்டாம் மாதத்தில் உம்மா பெரிய மார்க்கெட்டுக்குத் தனியே ஓட்டிச்சென்று மீன் வாங்கி வந்தார்கள். காந்தி வீதிக்கும் பாரதி வீதிக்கும் இடையே நெரிசலில் வண்டியைத் திருப்பி நிறுத்தியதைப் பற்றி ஒரு வாரம் பேசினார்கள். அம்பாசிடரில் அது உம்மாவுக்குக் கைகூடியிருக்காது. இலேசான ஸ்டீயரிங், சிறிய வட்டத்தில் திரும்பும் தன்மை, சாவியைத் திருப்பியதும் எழும் இன்ஜின் ஆகிய மூன்றும் உம்மாவைப் போன்ற ஆயிரமாயிரம் பெண்களை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தின.

தெருவில் முணுமுணுப்பு எழாமலில்லை. பெண்கள் வாகனம் ஓட்டுவது மார்க்கத்தில் உண்டா என்று பெரியவர் ஒருவர் வாப்பாவிடம் கேட்டார். வாப்பா வாதாடவில்லை. ஒட்டகம் ஏறிய பெண்களுள் குறைஷிப் பெண்கள் சிறந்தவர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் பாராட்டிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருப்பதை மட்டும் நினைவூட்டினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒட்டகத்தில் பயணித்ததும் வரலாற்றில் உள்ளதுதானே? சவூதி அரேபியாவில் பெண்களுக்கு வாகன ஓட்டுநர் உரிமை 2018 ஜூன் 24ஆம் நாள்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்னரே உம்மாவின் கையில் புதுச்சேரியின் உரிமம் இருந்தது. இதைச் சொல்வது பெருமைக்காக அன்று. வழக்கம் வேறு, மார்க்கம் வேறு என்பதைப் பிரித்தறிய வாப்பாவுக்குத் தெரிந்திருந்தது என்பதற்காகவே சொல்கிறேன்.

உம்மாவின் பின்னே லாத்தா ஓட்டினாள். அவளுக்குப் பின் நான் ஓட்டினேன். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக்கு நான் அந்த வண்டியில்தான் போய்வந்தேன். வாப்பாவின் இறுதி இரண்டு ஆண்டுகளில், வாரம் இருமுறை கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனைக்கு அவர்களை அழைத்துச்சென்றதும் அந்த வண்டியில்தான். காக்கா துபாயில் இருந்தார். தம்பி பெங்களூரில் இருந்தான். வாப்பாவை ஏற்றி இறக்க உம்மாவும் நானும் போதுமாயிருந்தது. பின்னிருக்கையில் சாய்ந்தபடி வாப்பா பயண துஆவை ஓதுவார்கள். இவ்வாகனம் நமக்குப் பணிந்து நடப்பது நம் ஆற்றலால் அன்று என்று ஒப்புக்கொள்ளும் அந்தத் துஆவை, தம் மனைவியும் மகளும் ஓட்டும் வண்டியில் அமர்ந்து வாப்பா ஓதியதை எத்தனை முறை நினைத்தாலும் நெஞ்சம் நெகிழ்கிறது.

யாருடைய வண்டி?

வாப்பா மறைந்து இத்தா காலம் முடிந்தபின் சொத்துப் பட்டியல் தயாரானது. காக்கா இரண்டு வண்டிகளையும் வாப்பாவின் சொத்துகளுள் சேர்த்து எழுதினார். அதில் தவறான நோக்கம் எதுவும் இல்லை. இரண்டின் பதிவுச் சான்றும் வாப்பாவின் பெயரில்தான் இருந்தன. 1996இல் அலுவலகத்துக்கு அலைவதற்கு எளிதாயிருக்கட்டும் என்று அவ்வாறு பதிந்துவிட்டிருந்தார்கள். "வண்டி வீட்டுக்குப் பொதுவானது. பழைய மாருதிக்கு இன்று என்ன விலை கிடைத்துவிடும்?" என்பது காக்காவின் எண்ணம். உம்மா எதுவும் சொல்லவில்லை. தட்டிலிருந்த தேநீர் ஆறிப்போனதை மட்டும் நான் பார்த்தேன்.

லாத்தாதான் கேட்டாள்: "அது உம்மாவோட நிலத்துப் பணம் இல்லையா, காக்கா?"

பேச்சு அத்துடன் நின்றது. மறுநாள் நாங்கள் நால்வரும் எங்கள் பள்ளிவாசலின் ஆலிம் ஒருவரைச் சந்தித்தோம். அவர்கள் உடனே தீர்ப்புச் சொல்லிவிடவில்லை; ஒரு கேள்வியை மூன்றாகப் பிரித்துக் கேட்டார்கள். உம்மா அந்தப் பணத்தைத் தம் கணவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்களா? கடனாகக் கொடுத்தார்களா? அல்லது தமக்கு ஒரு வண்டி வாங்கித் தரச்சொல்லிக் கொடுத்தார்களா?

அன்பளிப்பு என்றால் வண்டி வாப்பாவுடையது. எல்லா வாரிசுகளுக்கும் அதில் பங்குண்டு. கடன் என்றால் வண்டி வாப்பாவுடையது. ஆனால் சொத்தைப் பிரிக்கும் முன் அந்தக் கடனை உம்மாவுக்கு அடைத்தாக வேண்டும். உம்மாவுக்காக வாங்கியது என்றால், யார் பெயரில் பதிவாகியிருந்தாலும் அது உம்மாவுடையது. வாப்பாவின் கையில் அது ஓர் அமானிதமாக இருந்தது. வாரிசுச் சொத்தில் அது சேரவே சேராது. மரணித்தவரின் சொத்தில் அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒரு பங்கை மீறாத வஸிய்யத் ஆகியவை நிறைவேறிய பின்னரே வாரிசுப் பங்கு வரும் என்பதையும் நினைவூட்டினார்கள். "பத்திரம் அரசுக்கு. நிய்யத்தும் பணமும் எங்கிருந்து வந்தன என்பது அல்லாஹ்வுக்கு. இரண்டையும் பாருங்கள்" என்றார்கள்.

வீட்டுக்கு வந்து கடையின் பழைய பேரேடுகளைத் தேடினோம். வாப்பா எதையும் எழுதி வைக்கும் வழக்கமுடையவர்கள். 1996ஆம் ஆண்டின் பேரேட்டில், கடைக்கணக்கோடு சேராமல் கடைசிப் பக்கத்தில் அவர்கள் கையெழுத்தில் இரண்டு வரிகள் இருந்தன. நிலம் விற்ற தொகையும் வண்டி வாங்கிய தொகையும் எழுதி, வண்டி உம்மாவுக்கு உரியது என்றும், மீதம் இவ்வளவு உம்மாவிடம் கொடுத்தாயிற்று என்றும் குறித்திருந்தார்கள்.

காக்கா அந்தப் பக்கத்தை நீண்டநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் பட்டியலை எடுத்து மாருதியை அடித்துவிட்டு, சாவியை உம்மாவின் கையில் வைத்தார். "வச்சிக்கங்க உம்மா" என்றதற்கு மேல் அவரால் பேச இயலவில்லை.

நாற்பத்தெட்டுப் பங்குகள்

எஞ்சியது அம்பாசிடர். மெக்கானிக் அண்ணன் அதற்கு 1,44,000 ரூபாய் மதிப்பிட்டார். வாப்பாவின் பெற்றோர் முன்னரே மறைந்துவிட்டதால் வாரிசுகள் உம்மாவும் நாங்கள் நால்வருமே. பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் மகனுக்கு மகளைப் போல் இரு மடங்கு. மொத்தத்தை 48 பங்குகளாக்கினால் உம்மாவுக்கு 6, ஆண்மக்கள் இருவருக்கும் தலா 14, பெண்மக்கள் இருவருக்கும் தலா 7. ஒரு பங்கு 3,000 ரூபாய். உம்மாவுக்கு 18,000, காக்காவுக்கும் தம்பிக்கும் தலா 42,000, லாத்தாவுக்கும் எனக்கும் தலா 21,000. காக்கா எங்கள் பங்குகளுக்குரிய தொகையைக் கொடுத்து வண்டியை வாங்கிக்கொண்டார். இனாமாக விட்டுத்தருவதாக நாங்கள் சொன்னோம். முதலில் அவரவர் பங்கு அவரவர் கைக்கு வரட்டும், பிறகு யாருக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்பது உங்கள் விருப்பம் என்று உம்மா உறுதியாகச் சொல்லிவிட்டார்கள்.

பதிவை மாற்றும் வேலையும் இருந்தது. உரிமையாளர் இறந்தால் 30 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் 31ஆம் எண் படிவத்தில் பெயர்மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. இரண்டு வண்டிகளுக்கும் இதைச் செய்தோம். பழைய வாகனம் வைத்திருப்பது இன்று மலிவானதும் அன்று. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி, 20 ஆண்டுகளைக் கடந்த கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 10,000 ரூபாய். 2022க்கு முன் இதே கட்டணம் 600 ரூபாயாக இருந்தது.

50 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களைத் தொன்மை வாகனமாகப் பதிவுசெய்ய 2021இல் தனி விதி வந்தது. எங்கள் அம்பாசிடர் அதற்குத் தகுதி பெற்றுவிட்டது. 20,000 ரூபாய் செலுத்தினால் தனி எண் வரிசையும் கிடைக்கும். நண்பர்கள் அதைத்தான் பரிந்துரைத்தார்கள். ஆனால் அவ்வாறு பதிந்துவிட்டால் கண்காட்சி, அணிவகுப்பு, எரிபொருள், பராமரிப்பு போன்ற காரணங்களுக்கு மட்டுமே அதைச் சாலையில் ஓட்டலாம். காக்கா வேண்டாமென்று மறுத்துவிட்டார். மையவாடிக்கு முதியவர்களை ஏற்றிச்செல்ல இயலாத அம்பாசிடர் எங்களுக்கு எதற்கு? வழக்கமான பதிவையே புதுப்பித்தார். வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிய அவர், இப்போது வெள்ளிக்கிழமைகளில் சுற்றுத்தெருக்களின் முதியவர்கள் சிலரை ஜும்ஆவுக்கு அழைத்து வருகிறார்.

எது சிறந்தது?

இரண்டில் எது சிறந்த கார் என்று என் பிள்ளைகள் கேட்பார்கள். உறுதியிலும் இடவசதியிலும் அம்பாசிடர். சிக்கனத்திலும் இலகுவிலும் மாருதி. இது இன்ஜினையும் இருக்கையையும் வைத்துச் சொல்லும் விடை.

குர்ஆனில் நஹ்ல் அத்தியாயம், குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் கழுதைகளையும் மனிதன் ஏறிச்செல்வதற்காகவும் அலங்காரமாகவும் அல்லாஹ் படைத்ததைச் சொல்லி, நாம் அறியாதவற்றையும் அவன் படைப்பான் என்று தொடர்கிறது. வசதியான வாகனம் மனிதனின் நற்பேறுகளுள் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஹதீஸும் உண்டு. ஆகவே நல்ல வாகனத்தை விரும்புவது குறையன்று. ஆனால் நற்பேறு என்பது பொறுப்பையும் உடன் கொண்டுவருகிறது. அம்பாசிடர் தெருவுக்கு உதவியது. அக்காலத்தின் நன்மை அது. அதே அம்பாசிடரில் உம்மா எப்போதும் பின்னிருக்கையில்தான் இருந்தார்கள். எங்குச் செல்லவும் யாராவது ஓட்டிச்செல்லக் காத்திருந்தார்கள். மாருதி அந்தக் காத்திருப்பை முடித்துவைத்தது; இக்காலத்தின் நன்மை இது. அதே மாருதி எங்களை அண்டைவீட்டாரிடமிருந்து சற்று விலக்கியும் வைத்தது. ஒரு காலத்தை முழுவதும் புகழ்ந்து மற்றொன்றை முழுவதும் பழிப்பதற்கு எங்கள் வண்டிக்கொட்டகையில் இடமில்லை. பழையதிலிருந்து அண்டைவீட்டாரின் உரிமையையும், புதியதிலிருந்து வீட்டுப் பெண்களின் உரிமையையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே நான் கண்டது. இவ்விரண்டும் நம் மார்க்கம் நமக்கு முன்பே கற்பித்தவைதாம்.

வாசிக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாருடைய பணத்தில் எது வாங்கப்பட்டது என்பதை எழுதி வையுங்கள். மனைவியின் மஹர், அவர் பெற்றோர் வழியில் வந்த பங்கு, மகளின் சம்பளம் ஆகியவற்றில் வாங்கிய பொருள்கள் 'வீட்டுக்குப் பொது' என்ற சொல்லில் கரைந்துபோய்விடுகின்றன. வஸிய்யத் செய்வதற்கு ஏதேனும் உடையவர் அதை எழுதிவைக்காமல் இரண்டு இரவுகள்கூடக் கழிக்க வேண்டாம் என்பது நபிமொழியின் கருத்து. எங்கள் வாப்பா எழுதிவைத்த இரண்டு வரிகள் இல்லாதிருந்தால், நாங்கள் அறியாமலேயே உம்மாவின் உரிமையைப் பங்கிட்டிருப்போம், உம்மாவும் வாய்திறந்திருக்கமாட்டார்கள்.

அல்லாஹ் என் வாப்பாவின் கப்ரை விசாலமாக்கி, ஒளிமயமாக்குவானாக. அவரவர் உரிமையை அவரவருக்கு வழங்கும் நேர்மையை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. நம் பயணங்களையெல்லாம் நலமுடன் நிறைவேற்றுவானாக. ஆமீன்.